வீராணத்துக் கரையில் குடியேறுகிறவர்களுக்கு: வீடு, தண்ணீர், அடுப்பு

கோயம்புத்தூரிலிருந்து லாரியில் சாமான்களோடு காட்டுமன்னார்கோவில் பக்கம் நாங்கள் வந்து இறங்கியது ஒரு ஜூன் மாதம். வீட்டுக்காரருக்கு வேலை மாற்றல். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு முதல் வாரமே கண்ணைக் கட்டிவிட்டது. துவரம்பருப்பு ஆறு விசிலுக்கும் வேகவில்லை. தூள் உப்பு டப்பாவுக்குள் கட்டியாகிக் கிடந்தது. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி மேடையில் ஓடிப் புளித்து நாறியது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஆயா சொன்னார்: “ஏம்மா, இங்க எல்லாமே தண்ணிக் கணக்குதான். அதக் கத்துக்க, மத்தது தானா வரும்.”

அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது. புதிதாக வருகிறவர்களுக்கு அவ்வளவு நாள் வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன். வீராணம் ஏரியை வைத்து எழுதினாலும், காவிரி டெல்டாவில் நீங்கள் எங்கே குடியேறினாலும் முக்கால்வாசி பொருந்தும்.

1. முதலில் தண்ணீர் வரும் வழி

இதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே வாடகைக்கு வீடுகூடப் பார்க்க முடியாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அணையில் தண்ணீர் இருந்தால்தான். இல்லாத வருடங்களில் தள்ளிப்போகும். அந்தத் தண்ணீர் கல்லணைப் பக்கம் வந்து பிரிந்து, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரையில் இருக்கும் கீழணையில் தேங்குகிறது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து சேரும். ஏரியின் முழு மட்டம் 47.50 அடி. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் டீக்கடையில் பாதிப் பேச்சு “இன்னைக்கு எத்தனை அடி?” என்பதுதான்.

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டுவித்த ஏரி இது. பராந்தகனுடைய ‘வீரநாராயணன்’ என்ற பட்டப்பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. இன்றைக்கு இது வயலுக்கும் பாய்கிறது, 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு குடிதண்ணீர்க் கேன் வாங்குகிறோமே என்று முதல் கோடையில் உங்களுக்கு ஒரு கோபம் வரும். எனக்கும் வந்தது.

2. வீடு பார்க்கும்போது சுவரைப் பாருங்கள்

டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் அப்புறம். கேட்க வேண்டிய முதல் கேள்வி: “2015 மழையில இந்தத் தெருவில தண்ணி எதுவரைக்கும் வந்துது?” வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டில் கேளுங்கள். அந்த வருடம் நவம்பரில் கடலூர் மாவட்டமே தத்தளித்தது. அதற்கும் பத்து வருடம் முன்னால், 2005 கடைசியில், கொள்ளிடம் கரை உடைந்து பெருவெள்ளம் வந்தது. வயதானவர்கள் இந்த இரண்டையும் முழங்கால், இடுப்பு என்று உடம்பிலேயே அளந்து சொல்வார்கள். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீரை வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிடுவார்கள். அந்த ஓடையை ஒட்டிய தாழ்வான இடங்களில் வாடகை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

தெருவை விட வீட்டுத் தளம் குறைந்தது இரண்டடி உயரமா? சுவரின் அடிப்பகுதியில் உங்கள் முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறியிருக்கிறதா? அப்படியென்றால் ஓதம் ஏறுகிற வீடு. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அந்தச் சுவரை ஒட்டிப் பீரோ வைத்தால் பட்டுப்புடவையில் பூசணம் நிச்சயம். நான் இரண்டு புடவையைப் பறிகொடுத்த பிறகு பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து வைத்தேன். வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து போடுங்கள். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் பூச்சிக்கு ஓரளவு உதவும். ஓதத்துக்கு அது மருந்து இல்லை.

3. மூன்று தண்ணீர், மூன்று வேலை

வீட்டில் போர் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் என்று மூன்று இருக்கும். கடலை நோக்கிப் போகப் போக நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டே போகும். பல வீட்டு போரில் உப்பும் உண்டு, சுண்ணாம்பும் உண்டு. துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ மட்டும் அது. என் துவரம்பருப்பு வேகாமல் போனதும் அதனால்தான். கடினத் தண்ணீரில் பருப்பு மசியாது. பருப்பை அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்து, அதே தண்ணீரில் வேகவைத்தால் மூன்று விசில் போதும். உப்பை முதலில் போடவே கூடாது. காபிக்கும் ரசத்துக்கும் நல்ல தண்ணீரை எடுத்து வையுங்கள். உப்புத் தண்ணீரில் போட்ட காபி, பால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளங்காது.

புதுத் தண்ணீர் வரும் நாட்களில் குழாயில் கலங்கலாக வரலாம். கிராமத்து வீடுகளில் தேத்தாங்கொட்டையை மண்பானையின் உட்புறம் தேய்த்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். சில மணி நேரத்தில் கலங்கல் அடியில் படிந்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் அது தெளியவைக்கும், அவ்வளவுதான்; கிருமியைக் கொல்லாது. தெளிந்ததை வடித்துக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

4. அரிசி வாங்கும் கேள்வி

கோவையில் நான் அரிசிக் கடையில் விலையை மட்டும் கேட்பேன். இங்கே அரிசி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது “பழசா, புதுசா?” சம்பா அறுவடை தை, மாசியில் வருகிறது. அப்போது வரும் புது அரிசி குழையும், கஞ்சி அதிகமாகும், வயிற்றுக்கும் கொஞ்சம் கனம். பொங்கலுக்கு அதுதான் வேண்டும், தினச் சோற்றுக்கு வேண்டாம். ஆறு மாதமாவது ஆன அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். புது அரிசிதான் கிடைத்தது என்றால் தண்ணீரைக் குறைத்து, குக்கரை விட்டுவிட்டு வடித்துப் பாருங்கள்.

தினச் சோற்றுக்குப் பொன்னி வகைகள். இட்லிக்கு குண்டரிசி என்று கேளுங்கள், ஆடுதுறை 37 நெல்லில் வருவது நன்றாக இருக்கும். ஆடுதுறை என்பது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள ஊர். அங்கே 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அந்த ஊர்ப் பேரோடு எண் சேர்ந்த நெல் ரகங்களை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். பாரம்பரிய அரிசியில் ஆசை இருந்தால் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி எல்லாம் கிடைக்கின்றன. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் இவற்றைத் தேடிச் சேர்த்து விவசாயிகளிடம் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தவர். 2018 இல் காலமானார். ஒரு எச்சரிக்கை: மாப்பிள்ளைச் சம்பாவை முதல் நாளே சோறாக வடித்து வீட்டில் பரிமாறாதீர்கள். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கஞ்சியாகவோ, இட்லி அரிசியோடு நாலில் ஒரு பங்கு கலந்து தோசையாகவோ ஆரம்பியுங்கள்.

ஒரு சிப்பம் வாங்கினால் சாக்கோடு தரையில் வைக்கக் கூடாது. மூடியுள்ள டிரம்மில் கொட்டி, நடுநடுவே காய்ந்த மிளகாயும் வசம்புத் துண்டும் போட்டு வையுங்கள். ஈரக்கையோடு அள்ளினால் அந்த இடத்திலேயே வண்டு பிடிக்கும். உப்புக்குக் கல் உப்புதான், பீங்கான் ஜாடியில். வேதாரண்யத்து உப்பளம் இருக்கிற டெல்டாவில் தூள் உப்பு வாங்கிக் கட்டி உடைத்துக்கொண்டிருப்பது வீண். இட்லி மாவுக்கு வெந்தயத்தைக் குறையுங்கள், கோடையில் ஆறு மணி நேரம் போதும். நான் படுக்கப் போகும்முன் கரைத்து, விடியற்காலை பால்காரர் வரும்போது எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.

5. மீன்: இதில் அவசரப்படாதீர்கள்

ஏரி மீன் வேறு, கடல் மீன் வேறு. கொங்கு நாட்டில் எனக்கு இரண்டும் ஒன்றுதான், ஐஸ் பெட்டியில் வருவது. இங்கே கரையோரத்தில் உயிரோடு விற்பார்கள். விரால், கெண்டை, கெளுத்தி, குறவை, சில சமயம் அயிரை. ஜிலேபி மீன் எப்போதும் கிடைக்கும், விலையும் குறைவு. எனக்கு அது பிடிக்காது, முள்ளைத் தவிர வேறு நினைவில் நிற்பதில்லை. விருப்பமுள்ளவர்கள் வறுத்துச் சாப்பிடுங்கள்.

கடல் மீன் சிதம்பரம், பரங்கிப்பேட்டை வழியாக வரும். பிச்சாவரம் கழிமுகப் பக்கத்து நண்டும் இறாலும் தனி ருசி. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த மாதங்களில் பெரிய கடல் மீன் கடையில் பளபளப்பாக இருந்தால் அது எப்போது பிடித்தது என்று யோசியுங்கள். சரியாக அதே மாதங்களில் ஏரியும் வற்றிக்கொண்டு வரும், சேற்றுக் குட்டைகளில் மீன் அள்ளுவார்கள். தடைக்காலத்துக்கு ஏரி மீன், மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்த பிறகு கடல் மீன். நான் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

விராலைச் சுத்தம் செய்வது முதல்முறை பெரும்பாடு. வழுக்கிக்கொண்டு சிங்க்கிலிருந்து துள்ளி விழுந்தது, நான் ஸ்டூலில் ஏறி நின்றேன். விற்கிறவரிடமே அடித்து, செதிள் எடுத்துத் தரச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் அடுப்புச் சாம்பல் கிடைத்தால் சாம்பல், இல்லாவிட்டால் கல் உப்பு போட்டுத் தேய்த்தால் வழவழப்பு போகும். பிறகு மஞ்சள் போட்டுக் கழுவுங்கள். கோடையில் சேற்று வாடை அடிக்கும். துண்டுகளை மோரில் கால் மணி நேரம் போட்டு எடுத்தால் அந்த வாடை இறங்கிவிடும்.

குழம்புக்கு மண்சட்டி வேண்டும். கடையில் வாங்கியதை அப்படியே அடுப்பில் வைத்தால் விரிசல் விடும், மண் வாடையும் வரும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரையோ வடித்த கஞ்சியையோ ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள். கடைசியில் நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைத்தால் சட்டி பழகிவிடும். சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், சட்டி சோப்பைக் குடித்து அடுத்த குழம்பில் கக்கும்.

அரைக் கிலோ விராலுக்கு ஒரு பெரிய எலுமிச்சை அளவு புளி. நல்லெண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், வடகம் (இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்), இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, கறிவேப்பிலை. வதங்கியதும் இரண்டு தக்காளி. குழம்பு மிளகாய்த்தூள் மூன்று கரண்டி போட்டுப் பிரட்டி, புளித்தண்ணீர் ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுங்கள். மாங்காய்க் காலம் என்றால் நாலு துண்டு மாங்காயைப் போட்டுப் புளியைக் குறையுங்கள். மீனைக் கடைசியில்தான் போட வேண்டும், எட்டு நிமிடம் போதும். போட்ட பிறகு கரண்டிக்கு வேலையில்லை. சட்டியைத் துணியால் பிடித்து மெதுவாகச் சுழற்றிவிடுங்கள். ராத்திரி வைத்த குழம்பை மறுநாள் காலையில் பழைய சோற்றோடு சாப்பிடுவதுதான் இங்கே வழக்கம். அதற்குத் தயிரும் வேண்டாம், வேறு தொட்டுக்கையும் வேண்டாம்.

6. ஆடியில் காப்பரிசி, ஐப்பசியில் தயார்நிலை

தண்ணீர் வந்த மகிழ்ச்சியை இந்த ஊர் ஆடி 18 அன்று கொண்டாடும். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை என்று எல்லோரும் தேங்காய்ச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசியைக் கையில் கொடுத்தால் மறுக்காதீர்கள். மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்கள் தெருவோடு ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல நாள் வருடத்தில் கிடையாது. வாய்க்காலில் பிள்ளைகளை இறக்கும்போது மட்டும் கூடவே நில்லுங்கள். மதகுப் பக்கம் ஓட்டத்தின் வேகம் மேலே பார்த்தால் தெரியாது.

ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. அதற்குள் செய்து முடிக்க வேண்டியவை: மொட்டை மாடித் தண்ணீர்ப் போக்கியில் இலை அடைத்திருந்தால் எடுப்பது, வீட்டு முன் வடிகாலைத் தோண்டிவிடுவது, ரேஷன் கார்டு, பத்திரம் போன்றவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் ஏற்றுவது, ஒரு சிலிண்டர் கூடுதலாக வைத்துக்கொள்வது. புயல் என்றால் கரண்ட் எத்தனை நாள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூர்ப் பக்கத்தையும், 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தையும் புரட்டிப் போட்டவை. இரண்டையும் பார்த்தவர்கள் புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் செய்வது மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது. மோட்டார் ஓடாத ஊரில் அரிசி இருந்து என்ன பயன்?

மழையில் பாம்பு வரும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வயலில் தண்ணீர் ஏறினால் எலி மேட்டுக்கு வரும், எலி பின்னால் பாம்பு. கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள், செருப்பை உதறிப் போடுங்கள், வாசலுக்குப் போக டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108 ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கட்டுவிரியன் கடி வலிக்கவே வலிக்காது, வீக்கமும் இருக்காது. அதனால் ‘ஒன்றுமில்லை’ என்று விடியும்வரை காத்திருந்துவிடாதீர்கள்.

வயலுக்குப் பக்கத்து வீடு என்றால் இன்னொரு தொல்லை, இது சிரிப்புக்குரியது. நெற்பயிர் வளர்ந்து நிற்கும் மாதங்களில் சாயங்காலம் விளக்கைப் போட்டால் கடுகளவு பச்சைத் தத்துப்பூச்சி ஆயிரக்கணக்கில் வரும். சாம்பாரில், காபியில், காதில். ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை உள் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே ஒரு பல்பைப் போட்டு, அதற்குக் கீழே அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். காலையில் பார்த்தால் பாத்திரம் பச்சையாக இருக்கும். நாங்கள் எட்டு மணிக்குள் இருட்டிலேயே கதை பேசப் பழகிவிட்டோம்.

7. வெளியே போய்ச் சாப்பிட

சிதம்பரம் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே சாப்பிட வேண்டியது கொத்சு. நடராஜர் கோவிலில் மிளகு, சீரகம், நெய் சேர்ந்த சம்பா சாதத்தோடு படைக்கப்படுவது. கோவில் கொத்சில் வெங்காயம் இல்லை, ஊர் ஓட்டல்களில் இட்லிக்குக் கொடுப்பதில் இருக்கும். வீட்டில் செய்ய: மல்லி, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் வெந்தயம், பெருங்காயம் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து மசித்து, கெட்டிப் புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, பொடியைத் தூவி, நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு இறக்குங்கள். எண்ணெய்க்குப் பயந்தால் அது கத்தரிக்காய்ச் சாம்பார் ஆகிவிடும்.

அணைக்கரை வழியாகக் கும்பகோணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் சில ஓட்டல்களில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வெந்ததில் தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து ஊற்றியது. சாம்பாரும் இல்லை குருமாவும் இல்லை, நடுவில் ஒன்று. டிகிரி காபியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவை அடுக்கி வைத்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள். டபரா நன்றாக இருக்கிறது. நல்ல காபிக்குத் தண்ணீர் கலக்காத பாலும் முதல் டிகாஷனும் போதும். ஊருக்குள் சின்ன கிளப்புகளில் எவர்சில்வர் டம்ளரில் கிடைப்பது பல நேரம் மேல்.

அங்கிருந்து திருவையாறு போனால் அசோகா. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, கோதுமை மாவு, சர்க்கரை, நெய்யோடு கிளறிய அல்வா. சூடாக இருக்கும்போது இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தால் பாதி ருசி பேருந்திலேயே போய்விடும். சாப்பாடு முடிந்து வெற்றிலை வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம், லால்பேட்டைப் பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலையே இளசாக இருக்கும்.

8. தை முதல் சித்திரை வரை: வருடத்துக்குச் சேர்ப்பது

தை, மாசியில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் கவனம். சாலையில் பாதியை நெல் காயப்போட எடுத்துக்கொள்வார்கள். அதன்மேல் பிரேக் போட்டால் சறுக்கும். ஹாரன் அடித்துச் சண்டை பிடிக்காமல் ஓரமாகப் போங்கள். பல மாத உழைப்பு வெயிலுக்காகக் காத்திருக்கிறது.

அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு, இருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது வளரும். பங்குனிவாக்கில் புது உளுந்து வரும். அப்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்குங்கள். தோலோடு வாங்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துத் தகரத்தில் போட்டு வைத்தால் கெடாது. புது உளுந்து கிரைண்டரில் பொங்கி வருவதைப் பார்த்த பிறகு பாக்கெட் உளுந்தை வாங்க மனம் வராது. கறுப்பு உளுந்தை வறுத்து அரைத்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறும் களியை வயசுப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் வயசு வித்தியாசமில்லாமல் காலியாகிறது.

சித்திரை வெயிலில் வடகம். இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன மீன் குழம்பு பாதிதான். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு கால் கிலோ உரித்து, உரலிலோ மிக்ஸியிலோ ஒன்றிரண்டாக நசுக்குங்கள். விழுதாகக் கூடாது. உடைத்த உளுந்து நூறு கிராம், கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, வெந்தயம் இருபத்தைந்து, மஞ்சள்தூள், கல் உப்பு, கிள்ளிய கறிவேப்பிலை கலந்து ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் பிழிந்து உருண்டை பிடித்து முறத்திலோ துணியிலோ வெயிலில் வையுங்கள். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து அந்தத் தண்ணீரிலேயே பிசைந்து மூடி, மறுநாள் மறுபடியும் உருட்டிக் காயவையுங்கள். தண்ணீர் முழுக்க இழுத்து முடிய மூன்று நாலு நாள் ஆகும். அதன் பிறகு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து கடைசியாக உருட்டி, கல்லுபோல் ஆகும்வரை ஒரு வாரம் காயவிடுங்கள்.

தெரு முழுக்க அந்த வாசனை அடிக்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், எல்லா மாடியிலும் அதேதான். முதல் வருடம் நான் நாலு நாளிலேயே அவசரப்பட்டு ஜாடியில் போட்டேன். ஆவணியில் திறந்தால் உருண்டைக்கு நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதனால் ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே விரலுக்கு ஈரம் தட்டினால் இன்னும் இரண்டு வெயில்.